வரைந்து வைத்த நிழல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேய்ப் படம் என்றாலே காதைக் கிழிக்கும் சத்தம்தான் என்று ஆகிவிட்டது. 1920-இல் ஜெர்மனியில் வந்த மௌனப் படம் ‘தி கேபினட் ஆஃப் டாக்டர் கலிகாரி’. போன வாரம்தான் பார்த்தேன். சுவர், ஜன்னல், தெரு எல்லாமே கோணல். பல நிழல்களை விளக்கால் விழவைக்காமல் செட்டிலேயே பெயின்ட்டால் வரைந்திருக்கிறார்கள். ஆள் நகர்ந்தாலும் அந்த நிழல் நகராது. அதுதான் வயிற்றைப் பிசைந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரிகளில் அந்த நீள வராந்தா எனக்கு இப்படித்தான் சாய்ந்து தெரிந்தது. பயத்தைவிட அழுகைதான் வந்தது. சென்னையில் டிசம்பரில் நடக்கும் திரைப்பட விழாவில் இந்த மாதிரிப் படங்களையும் பெரிய திரையில் போட்டால் நன்றாக இருக்கும்.

ஒரு வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை-5.