பிழை 0.00% என்றால் பிழையே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருப்பவை) பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இந்த மாதிரித் திட்டங்களில் கைவைக்கத் தேர்ந்த புரோகிராமராக இருக்க வேண்டும் என்கிற தொனியில் வந்த ஒரு பத்தி நெருடியது. நான் புரோகிராமர் இல்லை, டெஸ்டர். அதிலும் லோட் டெஸ்டிங் செய்கிறவள். ஓர் இணையதளத்துக்கு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தால் தாங்குமா என்று, ஆட்களே இல்லாமல் ஒரு மென்பொருளை ஏவிவிட்டுப் பார்ப்பது என் வேலை. ஓப்பன் சோர்ஸான அந்த மென்பொருளிலேயே ஒரு பக், அதாவது கோளாறு, இருந்தது. அதைச் சரிசெய்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கருவியின் பெயர் இங்கே வேண்டாம். அதைப் பராமரிக்கிறவர்கள் சம்பளம் இல்லாமல், சொந்த வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

சோதனை முடிந்ததும் திரையில் ஓர் அட்டவணை வரும். எத்தனை ரிக்வெஸ்ட் (தளத்திடம் ஒரு பக்கத்தையோ தகவலையோ கேட்கும் கோரிக்கை) போயின, சராசரியாக எத்தனை மில்லிவிநாடியில் பதில் வந்தது, 95 சதவீத ரிக்வெஸ்ட்டுகளுக்கு எவ்வளவு நேரத்துக்குள் வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசிக் கட்டத்தில் பிழை சதவீதம் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். மேலாளர்கள் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். ஒரு சோதனையில் அங்கே 0.00% என்று வந்தது. நடந்ததை வரிசையாகக் குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால் 502 என்ற எண் கிடக்கிறது. பின்னாலிருக்கும் சர்வர் ஒழுங்காகப் பதில் தரவில்லை என்று நடுவிலிருக்கும் சர்வர் கைவிரிக்கும்போது வரும் எண் அது. எண்ணிப் பார்த்தேன்: 1,00,000 ரிக்வெஸ்ட்டில் 4 தோற்றிருந்தன. அதாவது 0.004 சதவீதம். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 0.00. கணக்குச் சரி, பார்க்கிறவருக்குப் போய்ச் சேரும் செய்திதான் பொய்.

நான்குதானே என்று விடலாம். ஆனால் நாளுக்கு 1 கோடி ரிக்வெஸ்ட் வாங்கும் தளத்தில் இதே விகிதம் 400 தோல்வி. அதில் ஒன்று, பணம் கட்டிவிட்டு ரசீதுக்குக் காத்திருப்பவருடையதாக இருக்கலாம். தவிர, அந்த நான்கும் ஒரே விநாடியில் விழுந்திருந்தால் ஏதோ ஒரு சர்வர் ஒரு கணம் படுத்து எழுந்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். அங்கங்கே சிதறி விழுந்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறு. பூஜ்யம் என்று திரை சொல்லிவிட்டால் லாகை யார் திறப்பார்கள்?

பக்கைப் பதிவு செய்தேன். ‘சிறியது, காட்சி சார்ந்தது மட்டும்’ என்று முத்திரை விழுந்தது. அவர்கள் வகைப்பாட்டின்படி அது சரிதான், கருவி எதையும் தப்பாக அளக்கவில்லை. இருந்தாலும், உள்ளே சரியாக நிறுத்துவிட்டு முள்ளைப் பூஜ்யத்திலேயே வைத்திருக்கும் தராசால் வாங்குகிறவருக்கு என்ன பயன் என்று கேட்டேன். சரி, அப்படியானால் நீங்களே ஒரு பேட்ச் (திருத்திய நிரல்) அனுப்புங்களேன் என்றார்கள். ஓப்பன் சோர்ஸ் உலகில் இது விரட்டுகிற பேச்சு இல்லை, அழைப்பு. புதிதாக வருகிறவர்கள் பலர் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

தசம இடத்தைக் கூட்டினால் போதாதா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மூன்று இடம் வைத்தால் என்னுடைய நான்கு தெரியும். பத்து லட்சத்தில் நான்கு தோற்றால் மறுபடியும் 0.000 தான். பக் சாகவில்லை, ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதனால் வேறு வழி எடுத்தேன். தோற்றவற்றின் எண்ணிக்கை ஒன்றாவது இருந்து, சுருக்கிய சதவீதம் 0.00 என்று வந்தால், அந்த இடத்தில் ‘<0.01%’ என்று காட்ட வேண்டும். உண்மையாகவே ஒன்றும் தோற்காதபோது மட்டும் 0.00%. மறுமுனையிலும் இதே கதைதான்: 99.996 சதவீத வெற்றி 100.00% என்று மின்னக் கூடாது, ‘>99.99%’ என்றுதான் வர வேண்டும்.

இதற்கு ஒரு பராமரிப்பாளர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. திரையில் வரும் அட்டவணையை அப்படியே பிடித்து எண்களை உருவுகிற ஸ்கிரிப்ட்டுகள் (சிறு நிரல்கள்) பலரிடம் இருக்கின்றன, எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘<’ வந்தால் அவை உடைந்துவிடும் என்றார். அப்பாச்சி ஜேமீட்டர் இதே சிக்கலை வேறோர் இடத்தில் கையாண்டிருக்கிறது. ஸ்டெஃபானோ மஸ்ஸோக்கி தொடங்கி 1998-ல் வெளிவந்த கருவி அது, இன்றும் இந்தத் துறையில் அதிகம் புழங்குகிறது. எத்தனை ரிக்வெஸ்ட் போயின என்ற வேகத்தைத் திரையில் காட்டும்போது எண் 1-க்குக் கீழே போகாதபடி விநாடிக்கு, நிமிடத்துக்கு, மணிக்கு என்று அலகை மாற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 30 என்று திரையில் காட்டியதையே காற்புள்ளியிட்டு எண்களை அடுக்கும் சிஎஸ்வி கோப்பில் எழுதும்போது விநாடிக்கு 0.5 என்றுதான் எழுதும். மனிதருக்கு ஒரு வடிவம், ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு வடிவம். இதைச் சொல்லி, எங்கள் கருவியிலும் திரை அட்டவணையை மட்டும் மாற்றலாம், மற்ற நிரல்கள் படிக்கும் சிஎஸ்வி, ஜேசன் கோப்புகளில் சுருக்காத எண்ணே போகட்டும் என்றேன். அட்டவணையை உருவுகிறவர்களுக்கு வெளியீட்டுக் குறிப்பில் ஒரு எச்சரிக்கை வரி சேர்ப்பது என்று முடிவானது. ஒவ்வொரு தகவலையும் கோணக் குறிகளால் பெயரிட்டு எழுதும் எக்ஸ்எம்எல் அறிக்கைதான் கொஞ்சம் படுத்தியது. திரைக்கான ஃபங்ஷனையே (எண்ணைச் சுருக்கித் தரும் நிரல் துண்டு) அதுவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ‘<’ குறி அங்கே அப்படியே நுழைந்தால் மொத்தக் கோப்பும் படிக்க முடியாமல் போகும். அதைப் பிரித்துத் தனியாக வைத்தோம்.

அப்புறம், மாற்றம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுகள். ஒன்றுமே தோற்காதபோது, லட்சத்தில் ஒன்று தோற்றபோது, எல்லாமே தோற்றபோது. ஒரு ரிக்வெஸ்ட்கூடப் போகாமல் சோதனை நின்றுவிட்டால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். அங்கே எண்ணுக்குப் பதில் ‘-’ என்று ஒரு சிறு கோட்டைக் காட்டிவிட்டால் போதும். மாற்றிய நிரல் சில வரிகள்தான். டெஸ்ட்டுகள் அதைவிட நீளம், ஏன் மாற்றினோம் என்ற விளக்கம் டெஸ்ட்டுகளைவிட நீளம். இதில் பெரிய புரோகிராமிங் எங்கே இருக்கிறது? எண்ணைச் சுருக்கும் ஃபங்ஷனை எழுதியவர் அதை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். நாள் முழுக்க அந்த அட்டவணையை வெறித்துப் பார்க்கிறவருக்குத்தான் சந்தேகம் வரும்.

உங்கள் செய்திப் பக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தனை லட்சம் பேர் வந்தும் தளம் தாங்கியது, 99.99 சதவீதம் வெற்றி என்று யாராவது அறிக்கை கொடுத்தால், எத்தனையில் எத்தனை தோற்றது என்று உங்கள் நிருபர் கேட்டு, அந்த எண்ணிக்கையையும் போட வேண்டும். சராசரி நேரத்தை மட்டும் கொடுத்தால் ஏற்கவே வேண்டாம். 99 பேருக்கு 100 மில்லிவிநாடியில் பதில் வந்து ஒருவர் 10 விநாடி காத்திருந்தாலும் சராசரி 199 மில்லிவிநாடிதான், பார்க்க அழகாகவே இருக்கும்.

கட்டுரையைப் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று யோசிக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடிய நேரத்தை நிமிடம், விநாடி என்று பிரித்துக் காட்டும் ஏதாவது ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவியை எடுத்து, 119.7 விநாடியைக் கொடுத்துப் பாருங்கள். அஜாக்கிரதையாக எழுதியிருந்தால் ‘1 நிமிடம் 60 விநாடி’ என்று வரும். 60-ஆல் வகுத்து நிமிடம் 1 என்று முதலில் எடுத்துவிட்டு, மீதி 59.7-ஐ அப்புறம் முழு எண்ணாக்குவதால் வரும் கோளாறு இது. முதலிலேயே 120 ஆக்கிவிட்டு வகுத்தால் 2 நிமிடம் 0 விநாடி என்று சரியாக வரும். என் பூஜ்யத்தைப் போல் இது யாரையும் ஏமாற்றாது, பார்த்ததும் சிரிப்புதான் வரும். முதல் பேட்சுக்கு இதைவிடத் தோதான பக் கிடைக்காது. அனுப்பும்போது 59.7, 3599.7 இரண்டுக்கும் சேர்த்து டெஸ்ட் எழுதி அனுப்புங்கள். நிமிடமும் மணியும் மாறும் இடங்களிலும் இதே பக் இருக்க வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
வாசகி, மென்பொருள் டெஸ்டர்