கூத்து நடக்கும் நாளை முன்னதாக அச்சிட வேண்டுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டது. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத்துக்குக் கொடியேற்றும் பருவம் இது; இப்போது தொடங்கும் தெருக்கூத்து ஆடி வரை ஊர் ஊராக நடக்கும். பகலில் வில்லிபுத்தூராரின் பாரதத்தைச் சொல்லும் பிரசங்கம், இரவில் அதே கதையின் கூத்து என்று பல நாள் நீளும் இவ்விழாக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. ஆனால் துரியோதனன் வீழ்வதை நடித்துக்காட்டும் படுகளமும் தீமிதியும் முடிந்த மறுநாள்தான், ஒரு படத்துடன் வருகிறது. அதைப் படித்துவிட்டு எந்த வாசகரும் அந்தக் கூத்துக்குப் போக முடியாது.

சென்ற ஆண்டு, எண்பது வயதைக் கடந்த என் பெரியம்மா, கர்ணன் போரில் மடியும் கூத்தான கர்ண மோட்சம் பார்க்க ஆசைப்பட்டார். கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்துப் பாட்டுகளைச் சிறுவயதில் கேட்டது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. யாரோ சொன்ன தேதியை நம்பி அவரைப் பக்கத்து ஊருக்கு அழைத்துச் சென்றேன். கர்ண மோட்சம் முந்தைய இரவே முடிந்து, அன்று பதினெட்டாம் போருக்கு வேடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடியும் வரை இருந்து பார்த்தோம், நன்றாகத்தான் ஆடினார்கள். இருந்தாலும் அவர் கேட்க வந்த பாட்டைக் கேட்காமல் திரும்பியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் நாள் ஒன்றும் இரகசியம் அல்ல. கொடியேறும் முன்பே, எந்த இரவில் எந்தக் கூத்து, ஆடுகிற நாடக மன்றம் எது, உபயதாரர் யார் என்று விழாக் குழுவினர் நோட்டீஸ் அடித்துத் தேநீர்க் கடைச் சுவர்களில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த நோட்டீஸ் அடுத்த ஊரைத் தாண்டுவதில்லை என்பதுதான் குறை. மார்கழியில் சென்னை சபாக் கச்சேரிகளின் நேரமும் பாடுவோர் பெயரும் நாளிதழ்களில் நாள்தோறும் வெளிவருவதைப் போல, மாவட்டப் பக்கத்தில் அரைப் பத்தி ஒதுக்கி, ஊர், கோயில், கூத்தின் பெயர், மன்றம், தொடங்கும் நேரம் ஆகியவற்றை அந்தந்த வாரத்துக்கு முன்கூட்டியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கூத்தின் பெயரும் நேரமும் கட்டாயம் வேண்டும். அர்ச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த தபசு மரத்தின் மேல் பாடிக்கொண்டே ஏறுவதையும், உச்சியிலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குவதையும் வேறெந்த இரவிலும் காண முடியாது. படுகளமோ பகலில் நடப்பது. களிமண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி நடக்கும் அந்த ஆட்டத்துக்கு மாலையில் வந்து சேர்கிறவர், பாஞ்சாலி கூந்தல் முடிக்கும் நேரத்தைத் தவறவிட்டுத் தீமிதியை மட்டுமே காண்பார்.

இக்கலைக்கு ஆள் இல்லாமல் போய்விடவில்லை. தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், ஆண்கள் மட்டுமே வேடம் கட்டிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பயின்றார்கள். கட்டை எனப்படும் மர அணிகலன்களின் பாரத்தைத் தோளிலும் தலையிலும் சுமந்து, முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் ஒலிக்க விடிய விடிய ஆடிப் பாடும் கலைஞர்களுக்கு, மழைக்காலத்தில் ஆட்டம் அரிது. இந்தச் சில மாத வருவாயை வைத்தே அவர்கள் ஆண்டை ஓட்ட வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து நூறு பேர் கூடுதலாக வந்து அமர்ந்தால், அடுத்த ஆண்டும் கூத்து வைக்க விழாக் குழுவினருக்கு ஊக்கம் பிறக்கும், ஆடுகிறவருக்கும் நல்ல தொகை பேச வழி உண்டாகும்.

தகவல் திரட்டுவது செய்தியாளர்களுக்குக் கூடுதல் வேலையாகும் என்பதை உணர்கிறேன். ஆகவே எங்கள் வட்டாரத்து நோட்டீஸ்களை நானும் நண்பர்களும் திரட்டி, விழாக் குழுவினரிடம் தேதியை உறுதிசெய்துகொண்டு, வாரந்தோறும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறோம். சித்திரை முதல் வாரத்துக்கான பட்டியலை இக்கடிதத்தைத் தொடர்ந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செய்யாறு.