வெப்பம் மட்டும் சாட்சி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாண்டம் ஸ்பின் திரவம் என்பது, எவ்வளவு குளிர்வித்தாலும் அணுக்களின் நுண்காந்தங்களான ஸ்பின்கள் ஒழுங்காக உறையாத நிலை. அதைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்ப முடியாமல் தவிப்பதைத் தெளிவாகச் சொன்னது. ஆனால் வெப்பக் கடத்தல் அளவீடு ஸ்பின் திரவத்தை 'நிரூபித்துவிட்டது' என்று முடித்திருப்பது அவசரம்.

ஸ்பின் திரவமாகக் கருதப்பட்ட கரிமப் படிகமான பல்லேடியம் டிமிட் உப்பில் 2010-இல், வெப்பக் கடத்துதிறனை வெப்பநிலையால் வகுத்த மதிப்பு, தனிச்சுழியை (0 கெல்வின்) நெருங்கியும் பூச்சியமாகவில்லை என்றார்கள். மின்காப்பானில் இந்த மிச்சம், ஸ்பின்களே வெப்பத்தைச் சுமப்பதன் அடையாளமாகக் கருதப்படும். 2019-இல் வேறு இரு குழுக்கள் அதே உப்பை அளந்தபோது அந்த மிச்சம் தென்படவில்லை. குளிர்விக்கும் வேகமே காரணமோ என்ற விவாதம் அதன் பிறகு எழுந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஸ்பின் திரவத்துக்கான மற்றொரு வேட்பாளரான ஆல்ஃபா ருத்தேனியம் முக்குளோரைடு இன்னும் வம்பு பிடித்தது. மைக்கா போல ஏடு ஏடாகப் பிரியும் படிகம் அது. அளவீட்டுக்கு ஒயர் ஒட்டும்போது சற்று வளைந்தாலே அடுக்குகள் நழுவும். 7 கெல்வினில் மட்டும் வரவேண்டிய காந்த மாற்றம் 10 முதல் 14 கெல்வின் வரையிலும் தலைகாட்டும். ஆகவே ஒயர் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும், அந்த மாற்றத்தைக் காட்டும் வெப்ப ஏற்புத்திறனைப் பார்த்துவிட வேண்டும். வெப்ப ஹால் விளைவில், அதாவது காந்தப்புலத்தில் வெப்ப ஓட்டம் பக்கவாட்டில் விலகுவதில், குறுக்கே கிடைக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகச் சொற்பம். தொடுமுனைகள் நேரெதிரே அமையாவிட்டால் நீளவாட்டு வேறுபாடும் அதில் கலந்துவிடும். புலத்தைத் திருப்பி அளந்து, இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால்தான் அது நீங்கும். படிகத்தைத் தாங்கும் அடித்தளச் செம்புக்கே வெப்ப ஹால் விளைவு உண்டு. அது இப்படித் திருப்பினாலும் நீங்காது. அதனால்தான் சிலர் லித்தியம் ஃப்ளோரைடைப் பயன்படுத்துகிறார்கள். இத்தனைக்குப் பிறகும், காரணம் ஸ்பின் அல்ல, ஃபோனான் (படிக அணுக்களின் அதிர்வு) என்ற சந்தேகம் தீராது: காந்தமே இல்லாத ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டிலும் இந்த விளைவு தெரிந்திருக்கிறது.

கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தி, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தே ஸ்பின் ஐஸ் (பனிக்கட்டியில் ஹைட்ரஜன் அமைவதைப் போல ஸ்பின்கள் அமையும் டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் போன்ற படிகம்) செய்யலாம் என்கிறது. இல்மனைட்டும் ரூட்டைலும் இருப்பதால் டைட்டானியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே மணலின் அருமண் கனிமமான மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான் மிகுதி. டிஸ்ப்ரோசியம் மிகக் குறைவு. 3.73 கிராம் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடுக்கு 1.60 கிராம் டைட்டானியம் டைஆக்சைடு என்பது கணக்கு. ஆக்சைடை முன்கூட்டிச் சுட்டு ஈரத்தைப் போக்காமல் எடை போட்டால் இந்த விகிதம் பிசகும். மாதிரியில் வேற்றுக் கட்டம் (வேறொரு சேர்மம்) சேர்ந்துவிடும். நம் மணலுக்கு ஏற்றது நியோடிமியம் சிர்க்கோனேட். நியோடிமியத்துக்கு மோனசைட், சிர்க்கோனியத்துக்கு சிர்க்கான், இரண்டும் இதே கடற்கரையில் கிடைக்கின்றன. அதுவும் ஸ்பின் ஐஸைப் போல, முனைகளில் இணைந்த நான்முகிகளாலான பைரோகுளோர் அமைப்புடையதுதான். அதன் காந்த விசித்திரங்கள் 1 கெல்வினுக்குக் கீழேதான் தெரியும்.

இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்