குளம் கட்டப் பணம் இருக்கிறது, நடத்தப் பணம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் நீந்தக் கற்றுக்கொண்ட பொது நீச்சல் குளம் மூடிக் கிடக்கிறது. ‘மராமத்துப் பணி நடைபெறுவதால் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று வாசலில் பலகை மாட்டி மூன்று கோடை போய்விட்டது. உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை. இந்த நிலையில், புதிய நீச்சல் குளங்கள் கட்ட அரசு நிதி ஒதுக்கவேண்டும் என்று யாராவது பேசினால் எனக்குச் சந்தோஷமும் வருகிறது, கோபமும் வருகிறது.

நீச்சல் என்பது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு, அதற்கு ஏன் மக்கள் வரிப்பணம் என்று கேட்கிறவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய கால்பங்கு ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். அந்தப் பச்சைக் குழந்தைகளைக் காப்பாற்ற நீச்சல் வகுப்பு போதாது, வேலியும் பக்கத்தில் ஒரு பெரியவரும் வேண்டும். ஆனால் ஆறு வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சலும், தண்ணீரில் எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்பதும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று அதே நிறுவனம்தான் சொல்கிறது. வங்கதேசத்தில் ஊர்க்குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டி, தண்ணீருக்குள் தடுப்பு வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று 2012-இல் ஆய்வு வெளிவந்தது. தடுப்பூசிக்குச் செலவழிப்பதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லையே, இதுவும் அந்தக் கணக்கில் வரவேண்டியதுதான்.

சரி, பணம் கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதற்குக் கொடுப்பது? இங்கேதான் எல்லாம் தப்பாகப் போகிறது. கட்டடத்துக்குக் கொடுக்கிறார்கள், திறப்பு விழா நடக்கிறது, படம் வருகிறது, அதோடு சரி. நீச்சல் குளம் என்பது கட்டி முடித்துவிட்டுப் போகிற பொருள் இல்லை, அது தினமும் ஓடவேண்டிய ஓர் இயந்திரம். ஆள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், வடிகட்டியைக் கழுவவேண்டும், குளோரினும் அமிலத்தன்மையும் சரியாக இருக்கிறதா என்று ஒரு நாளில் பல தடவை பார்க்கவேண்டும், கரையில் மீட்புப் பயிற்சி பெற்ற ஆள் நிற்கவேண்டும். (குளத்தில் மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால் குளோரின் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற வேறு பொருளின் வாடை அது, கண் எரிவதும் அதனால்தான். அதாவது பராமரிப்பு போதவில்லை என்று அர்த்தம்.) இந்தச் செலவுக்கெல்லாம் நிதி ஒதுக்கும் ஆணையில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் நாலைந்து வருஷத்தில் பம்பு நிற்கும், தண்ணீர் பச்சையாகும், பலகை தொங்கும்.

மூடிவைத்தால் செலவு மிச்சம் என்று நினைப்பதும் தவறு. தண்ணீரை வடித்துவிட்டுச் சும்மா போட்ட தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் ஏறினால், அது கீழிருந்து தொட்டியையே மேலே தள்ளும், தளம் வெடிக்கும். உள்ளே தண்ணீர் இருந்தவரை அந்த எடைதான் தொட்டியை அழுத்திப் பிடித்திருந்தது. ஒரு பம்பை மாற்றிச் சரிசெய்திருக்கவேண்டிய குளம் இப்படித்தான் இடித்துக் கட்டவேண்டிய குளமாகிறது.

அதனால் என் கோரிக்கை இதுதான். புதிய குளத்துக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் முன்னால் மூடிக் கிடக்கிற குளங்களைத் திறக்கப் பணம் கொடுங்கள். அதையும் டைல்ஸ் மாற்றுவதில் தொடங்காதீர்கள். புதுப்பித்தல் என்றாலே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பணம் போகிறது, குழாய் அப்படியே ஓட்டையாகக் கிடக்கிறது. 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் இறங்கினால் 2,500 லிட்டர் போய்விடுகிறது. வருஷத்துக்கு 9 லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த அளவுக் குளத்தை இரண்டு தடவை புதிதாக நிரப்பிவிட்டு இன்னும் மிச்சம் இருக்கும். அது கசிவா, வெயிலில் ஆவியாவதா என்று கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர்கூட வேண்டாம். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியே குளத்திலும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் பார்த்தால் போதும். வாளியில் குறைந்ததைவிடக் குளத்தில் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இதைக்கூடச் செய்யாமல் டெண்டர் விடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மின்கட்டணமும் அப்படித்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்பு வைத்து இரவில் பாதி வேகத்தில் ஓட்டினால் அதற்குத் தேவைப்படும் மின்சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஆனால் பம்பு அறை புகைப்படத்தில் வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொதுக் குளத்தை மூடினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இழப்பு இல்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரம், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே குளத்தில் இறங்கவேண்டிய நிலை வந்ததும் 1963-இல் தன் பொதுக் குளங்களை மூடிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1971-இல் நகரத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. அந்த நாட்டில் வசதி இருந்தவர்கள் தனியார் கிளப் குளங்களுக்குப் போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்களின் பிள்ளைகள் நீந்தத் தெரியாமலே வளர்ந்தார்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாமல் போனது. பராமரிப்பு இல்லாமல் மூடுகிறவர்களுக்கு அந்தக் கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனாலும் வெளியே நிற்பது அதே ஏழைப் பிள்ளைகள்தான். அதேபோல, திறந்திருக்கிற குளத்திலும் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இல்லையென்றால் பெண்கள் வரமாட்டார்கள், சரிவுப் பாதையோ இறக்கிவிடும் நாற்காலியோ இல்லையென்றால் நடக்க முடியாதவர்கள் வரமாட்டார்கள். மூட்டு வலியோடு தரையில் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீரில் உடம்பின் பாரம் குறைந்து எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்பதை என் அம்மாவிடம் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை நீச்சல் குளத் திட்டம் பற்றிச் செய்தி போடும்போது, எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு நிறுத்தாமல், நடத்துவதற்கு எத்தனை ஆண்டுக்குப் பணம் வைத்திருக்கிறார்கள், கரையில் எத்தனை பேர் நிற்பார்கள், ஏற்கெனவே மூடியவை எத்தனை என்று உங்கள் நிருபர்கள் கேட்டு எழுதவேண்டும். என் மகனுக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது. அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க எங்கே கூட்டிப்போவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்