உருண்டை நட்சத்திரத்துக்கு எப்படி இறக்கை முளைக்கும்?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ரிங் நெபுலா (வளையமாகத் தெரியும் வாயு மேகம்) படம் வந்தது. "வடை மாதிரி இல்ல?" என்று கீழே எழுதியிருந்தாய். போனிலேயே சிரித்து முடித்திருக்கலாம். ஆனால் உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது, அது போனில் அடங்காது.

2009 செப்டம்பர், நீ ஒன்பதாம் வகுப்பு. பழுது பார்த்த ஹபிள் தொலைநோக்கி எடுத்த பட்டாம்பூச்சி நெபுலா படம் பேப்பரில் வந்திருந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாய். "நட்சத்திரம் உருண்டைதானே, செத்தா மட்டும் எப்படிம்மா இறக்கை முளைக்கும்?" என்றாய். தாளிப்பு கருகிக்கொண்டிருந்தது. "காந்தப்புலம்" என்று ஒரே வார்த்தையில் உன்னை அனுப்பிவிட்டேன். பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவளுக்கு, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சாகும் நட்சத்திரம் உதறும் இந்த மாதிரி மேகங்களுக்குக் கோள்வடிவ நெபுலா என்று பெயர் வந்ததே ஒரு தப்பால்தான். 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலுக்கு, அடுத்த சில ஆண்டுகளில் கண்ணில் பட்ட இந்த மங்கலான வட்டங்களும் கிரகம் மாதிரியே தெரிந்தன. பெயர் ஒட்டிக்கொண்டது. கிரகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அந்த நிறமாலையைப் பார்த்தபோதுதான் இது வெறும் வாயு என்று தெரிந்தது. அதில் ஒரு பச்சைக் கோடு, பூமியில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து 'நெபுலியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அது நாம் மூச்சு விடும் ஆக்சிஜன்தான், இரண்டு எலக்ட்ரானை இழந்து நிற்கிறது என்று 1927-இல் ஐரா போவன் சொன்னார். அந்தக் கோடு தெரிய வேண்டுமானால் வாயு அவ்வளவு மெலிதாக இருக்க வேண்டும். இங்கே நாம் உண்டாக்கும் வெற்றிடம்கூட அதற்கு முன்னால் கெட்டி. எனக்கு மிகப் பிடித்த கதை இது. பாடத்தில் இல்லாததால் ஒரு வருடம்கூடச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சூரியனைப் போல எட்டு மடங்கு எடை வரைக்குமான நட்சத்திரங்கள் வயதானதும் ஊதிப் பெருத்துச் சிவக்கும். மேல் அடுக்குகளின் மீது பிடி தளர்ந்து, வினாடிக்குப் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் வாயு சாவகாசமாகக் கழன்று போகும். கடைசியில் உள்ளே இருக்கும் சூடான கரு வெளியே தெரியவரும். அதிலிருந்து கிளம்பும் காற்று வேறு ரகம், வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். முன்னால் போன மெதுவான வாயுவை அது பின்னாலிருந்து தள்ளும். வாசல் கூட்டும்போது துடைப்பத்துக்கு முன்னால் சருகு வரப்பாகச் சேருமே, அப்படி ஒரு ஓடு சேர்கிறது. கருவின் சூடு 30,000 டிகிரியைத் தாண்டியதும் அதன் புற ஊதா ஒளி பட்டு அந்த ஓடு ஒளிரத் தொடங்கும். 1978-இல் சுன் க்வோக்கும் உடன் இருவரும் சொன்ன விளக்கம் இது. பத்து இருபதாயிரம் ஆண்டில் எல்லாம் கலைந்துவிடும், அந்தக் கரு மட்டும் வெண்குள்ளன் என்ற பெயரில் மிஞ்சும்.

இதுவரைக்கும் வகுப்பில் ஒழுங்காகத்தான் நடத்தினேன். ஆனால் இது மட்டும்தான் கதை என்றால் எல்லா நெபுலாவும் பந்து மாதிரி இருக்க வேண்டும். நிஜத்தில் ஐந்தில் ஒன்றுதான் அப்படி உருண்டை. நீ கேட்டது அந்த மிச்ச நாலைப் பற்றி.

பாட்டி தயிர் கடைந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சட்டையெல்லாம் மோராக்கிக்கொள்வாயே, ஞாபகம் இருக்கிறதா? மத்து சுற்றும்போது மோர் மேலே எகிறாது, சுற்றுகிற தளத்திலேயே பக்கவாட்டில்தான் தெறிக்கும். பெருத்த நட்சத்திரத்துக்கு ஒரு துணை நட்சத்திரம் இருந்து, அது அந்த வாயுவுக்குள்ளேயே சிக்கிச் சுற்றினால் மத்து வேலைதான் செய்யும். இடுப்பைச் சுற்றி வாயு தடித்த வளையமாகச் சேரும். பிறகு வேகக் காற்று வரும்போது அந்த வளையத்தை உடைக்க முடியாமல் மேலும் கீழும் பீறிட்டுப் போகும். உடுக்கை மாதிரி, நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்த உருவம். உன் பட்டாம்பூச்சியின் இடுப்பிலும் தூசு அடர்ந்த வளையம் இருக்கிறது. 2 லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் அதன் நட்சத்திரம் அந்தத் தூசுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது.

உடுக்கையைத் தோல் பக்கமாக, நேர் எதிரே பிடித்துப் பார். வட்டம்தான் தெரியும். பாதி உருவம் நாம் நிற்கிற இடத்தில் இருக்கிறது. உன் வடையும் அப்படித்தான்: அதை ஏறக்குறைய முனைப் பக்கமிருந்து பார்க்கிறோம். நடுவில் இருப்பது ஓட்டையே இல்லை, அங்கேயும் வாயு நிறைந்திருக்கிறது என்று 2013-இல் ஹபிள் படங்கள் காட்டின. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெளி விளிம்பில் பத்து மெல்லிய வளைவுகளைக் கண்டது. ஏறத்தாழ 280 ஆண்டுக்கு ஒன்று வீதம் உண்டாகியிருக்கின்றன. தனி நட்சத்திரத்திடம் அப்படி ஒரு தவணைக் கணக்கு கிடையாது. சூரியனிலிருந்து புளூட்டோ இருக்கும் தூரத்தில் ஒரு துணை சுற்றி வந்தால் கணக்கு சரியாக வருகிறது.

காந்தப்புலம் என்று நான் சொன்னதும் முழுப் பொய் இல்லை, அதையும் பலர் பெரிதாக நம்பியிருந்தார்கள். ஆனால் தனி நட்சத்திரத்தால் அவ்வளவு வலுவான புலத்தை நெடுங்காலம் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. ஆக அன்றைக்கு உனக்குக் கிடைத்தது பாதி மதிப்பெண் விடை.

போன அமாவாசை அன்று பரணில் இருந்த உன் தொலைநோக்கியை இறக்கி மாடிக்குக் கொண்டுபோனேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தார். வீகா நட்சத்திரத்தைப் பிடித்து (பஞ்சாங்கத்தில் அபிஜித்), அது இருக்கும் யாழ் நட்சத்திர மண்டலத்தின் கீழ் ஓரத்து இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே உன் வடையைத் தேடினேன். அரை மணி நேரம் ஆனது. வெப் படத்தின் நிறம் ஒன்றும் இல்லை, சாம்பல் புகை, அவ்வளவுதான். நேராகப் பார்த்தால் வெறும் பொட்டு. பார்வையைச் சற்று ஒதுக்கியதும் நடுவில் இருட்டு தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிய ஒளி. அப்பாவைக் கூப்பிட்டேன், "ஒன்னும் தெரியல" என்றார்.

பெட்டியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மட்டும்தான் இருக்கிறது, 10 மி.மீ. இல்லை. உன்னிடம் இருக்கிறதா பார். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லாதே, அப்போது யாழ் மண்டலம் விடியற்காலையில்தான் தலைகாட்டும். கூரியரில் அனுப்பு.

அம்மா