அந்தக் கொல்லையை உயிரோடு வைத்திருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சீரியல் ஷூட்டிங் முடிந்து பேக்கப் சொல்லியாகிவிட்டது. டைட்டிலில் 'இயற்கைத் தோட்ட ஆலோசனை' என்று என் பேர் மட்டும் தனியாக வருகிறது, பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள் எல்லாம் போன் போட்டுப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் முக்கால்வாசி யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள் பேர் டைட்டிலில் எங்கேயும் இல்லை. அதனால்தான் இந்த நன்றி மடல்.

முதலில் ஆர்ட் டைரக்டர் அண்ணனுக்கு. சீரியலில் தோட்டம் என்றால் வழக்கம் வேறு. ஷூட்டிங்குக்கு முதல் நாள் நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகள் லாரியில் வந்து இறங்கும், விளிம்பு தெரியாமல் மண்ணை அணைத்துவிடுவார்கள், இடைவெளி தெரிந்தால் பிளாஸ்டிக் கொடி, காய்ந்த புல்லுக்குப் பச்சைப் பெயின்ட், ஷெட்யூல் முடிந்ததும் மிச்சம் மீதி எல்லாம் திரும்ப லாரி ஏறும். நான் கேட்டது, ஆடிப்பட்டத்துக்கு ரொம்ப முன்னாலேயே இடத்தைக் கொடுங்கள், நட்டு வளர்க்கிறேன் என்று. கேமரா வருவது புரட்டாசியில்தான். ஆனாலும் திருவையாற்றுப் பக்கம் குடமுருட்டிக் கரையோரம் அந்த ஓட்டு வீட்டைப் பேசி முடித்த கையோடு, சித்திரையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார். சும்மா பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு வாடகை என்று கேட்காமல் கையெழுத்துப் போட்ட புரொடக்‌ஷன் மேனேஜர் சாருக்கும் பெரிய நன்றி.

அந்தக் கொல்லை அப்போது கொல்லையாகவே இல்லை. பழைய மாட்டுக்கொட்டகையை இடித்த செங்கல்லும் காரையும் களிமண்ணோடு சேர்ந்து இறுகி, கடப்பாறை இறங்காது. அடுத்த தெரு அக்காக்கள்தான் கல்லைப் பொறுக்கிக் கொத்திவிட்டார்கள். அதன்மேல் பலதானியம் விதைத்தோம். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, தக்கைப்பூண்டு, சணப்பு, கொத்தமல்லி, கடுகு என்று கலந்து தெளித்து, பூவெடுக்கிற நேரத்தில் அப்படியே மடக்கி மண்ணுக்குள் விட்டுவிடுவது. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த முறை இது. அவர் பிறந்த இளங்காடு இதே தஞ்சாவூர் மாவட்டம்தான். 2013 டிசம்பரில் மறையும்போதும் வயலடியிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் காவிரி டெல்டா கிராமங்களில் பேசிக்கொண்டுதான் இருந்தார். டிவிக்காகப் போடுகிற தோட்டமானாலும் மண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் அவர்தான்.

மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை, ஆற்றில் மணல்தான் கிடந்தது. அந்த நேரத்தில் தன் பம்புசெட்டிலிருந்து ஓஸ் இழுத்துக்கொள்ளச் சொன்ன பக்கத்து வயல் தாத்தாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? செடிக்கு ஊற்றுகிற ஜீவாமிர்தக் கரைசலுக்குச் சாணியும் கோமியமும் அவர் வீட்டு நாட்டு மாடுகள் கொடுத்தவை. காசு கொடுக்கப் போனால், "செடி கேட்டுச்சு, மாடு குடுத்துச்சு, நீ ஏன்ப்பா நடுவுல வர்ற" என்று அனுப்பிவிட்டார்.

கதாசிரியர் அண்ணனுக்கு ஒரு தனி நன்றி. புரட்டாசியில் எடுக்கிற காட்சிக்கு, அவரைப் பந்தல் பூத்துக் குலுங்குவதாக எழுதியிருந்தார். நம்ம ஊர் நாட்டு அவரை அப்படிப் பூக்காது, பகல் பொழுது குறையக் குறையத்தான் பூவெடுக்கும், கார்த்திகை ஆகிவிடும். துணிப்பூ கட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் வந்து பந்தலடியில் நின்று பார்த்துவிட்டு, இப்போது எது பூக்கிறது என்று கேட்டார். பீர்க்கு என்றேன். பீர்க்கம்பூ சாயங்காலம் பொழுது சாய்கிற நேரத்தில்தான் விரியும். பிரிந்திருக்கும் பெண்ணின் உடம்பில் படர்கிற பசலை நிறத்துக்குச் சங்கப் புலவர்கள் சொன்ன அதே மஞ்சள். காட்சியையே மாலைக்கு மாற்றி, மருமகள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் பூ விரிவதுபோல் எழுதிக்கொடுத்தார். செடிக்காக ஸ்கிரிப்டை மாற்றுகிற எழுத்தாளர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

கன்டினியூட்டி பார்த்த தங்கச்சி, நீ இல்லையென்றால் இந்தத் தோட்டம் டிவியில் நின்றிருக்காதும்மா. கதையில் ஒரே சாயங்காலம், ஷூட்டிங்கில் அது வாரக்கணக்கில் போகும், சுரைக்கொடி அதற்குள் கூரை ஏறிவிடும். எந்தக் கணு எந்த மூங்கிலில் நின்றது என்று தினமும் போட்டோ எடுத்து, எந்தக் கொடியை மெதுவாக இறக்கிக் கட்ட வேண்டும், பையில் வளர்த்த இளஞ்செடி எதை முன்னால் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது அவள்தான். கத்தரி எடுத்து ஒரு கொடியைக்கூட வெட்டவில்லை.

அப்புறம் எலுமிச்சைச் செடி விஷயம். நாயகி தினமும் தண்ணீர் ஊற்றுகிற செடி அது, இலையெல்லாம் ஓட்டை. மருந்து அடிக்க ஒரு தம்பி ஸ்பிரேயரோடு வந்துவிட்டான். இலையைத் திருப்பிக் காட்டினேன். குருவி எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்தது குட்டிப் புழு, பக்கத்துக் கொம்பில் அதுவே வளர்ந்து பச்சையாக. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டும், ஒரு நெடி அடிக்கும், மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்றால் இலையைத் தின்னக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கேமராமேன் அண்ணன் மேக்ரோ லென்ஸ் கேட்டு வாங்கி அன்றைக்கே எடுத்தார். அது எடிட்டிங்கிலும் தப்பித்து, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது! அந்தத் தம்பி அடுத்த நாள் முதல் யாரையும் அந்தச் செடிப் பக்கம் ஸ்பிரேயரோடு விடவில்லை, அவனுக்கும் நன்றி.

லைட்மேன் அண்ணன்களுக்கும் சொல்ல வேண்டும். வயலுக்கு நடுவே ராத்திரி வெள்ளை லைட் போட்டால் தத்துப்பூச்சி முதல் விட்டில் வரை அத்தனையும் வந்து விழும். பூச்சி மருந்து அடிப்பதற்குப் பதிலாக லைட்டுக்கு மஞ்சள் ஃபில்டர் கட்டி, ஷாட்டுக்கு ஷாட் அணைத்து அணைத்துப் போட்டார்கள். கொசுவுக்கு நொச்சி இலைப் புகை. மாமியாராக நடித்த அம்மாவே தூபக்காலைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்.

ஐப்பசி அடைமழையில் முற்றம் வரை தண்ணீர் ஏறிய ராத்திரி, போன் பண்ணாமலே மண்வெட்டியோடு வந்த தெருக்காரர்களை மறக்கவே முடியாது. எந்த இடத்தில் வெட்டினால் வடிகால் வாய்க்காலுக்குத் தண்ணீர் இறங்கும் என்று இருட்டிலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முருங்கைக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது, மேட்டில் வைத்திருந்தும் அன்றைக்கு அது பிழைத்தது அவர்களால்தான்.

இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. ஆனால் நம் வீடுகளின் கொல்லையில் சிமென்ட் பூசிக்கொண்டிருக்கிறோம். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஊரே பார்ப்பது சீரியல். அதில் வருகிற வீட்டைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டைக் கட்டுகிறார்கள். அங்கே குரோட்டன்ஸுக்குப் பதில் ஒரு பீர்க்கம்பந்தல் தெரிந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

செட்டைப் பிரித்துவிட்டார்கள், தோட்டத்தைப் பிரிக்கவில்லை. வீட்டுக்கார அம்மா அப்படியே வைத்துக்கொள்கிறார், ரொம்ப நன்றிம்மா. அவரை, பீர்க்கு, சுரை விதைகளை முற்றவிட்டு எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறோம். யூனிட்டில் யாருக்கு வேண்டுமானாலும் ஆனி முடிவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆடி பிறந்ததும் மிச்சத்தை ஊருக்குள் கொடுத்துவிடுவோம். நொச்சிக் கொம்பு கேட்ட மேக்கப் அக்கா, உங்களுக்குத் தனியாகப் பதியம் போட்டு வைத்திருக்கிறது.