நீ ஜெயித்த அந்த ஆட்டம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்ன போக்கர் ஆட்டத்தை இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ அத்தனை சந்தோஷமாகப் பேசும்போது குறுக்கே பேச மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம். ஜெயித்தாய், சரி. ஆனால் டர்னில், அதாவது நாலாவது பொதுச் சீட்டு விழுந்தபிறகு, எதிராளி வைத்த பணத்துக்கு ஈடாக நீயும் போட்டு கால் பண்ணியது தப்பும்மா.

உன் கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 9, ஆட்டின் 8. ஃப்ளாப்பில், அதாவது மேஜையில் முதலில் விரிக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, கிளாவர் ஜாக்கி. டர்னில் ஸ்பேட் 2. இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ், உனக்கு. பாட், அதாவது மேஜை நடுவே சேர்ந்த பந்தயப் பணம், 100 சிப் இருந்தது, எதிராளி இன்னொரு 100 வைத்தார். "ஃப்ளஷுக்கு 35 சதவீதம் இருக்கேப்பா, 33 இருந்தாலே போதுமே" என்றாய். 33 சரிதான். நீ 100 போட்டால் பாட் 300 ஆகும், அதில் நீ போட்டது மூன்றில் ஒரு பங்கு. இடறியது அந்த 35-இல். அது ஃப்ளாப்பில் நின்றுகொண்டு இரண்டு சீட்டையும் பார்க்கப்போகிறவருக்கான எண். உனக்கு பாக்கி இருந்தது ரிவர் என்கிற கடைசிச் சீட்டு ஒன்றே ஒன்றுதான்.

அவுட்ஸை, அதாவது உன்னை ஜெயிக்கவைக்கும் சீட்டுகளை, எண்ணிப் பார். 13 ஆட்டினில் நாலு கண்ணில் பட்டாயிற்று, மிச்சம் 9. உன் இரண்டு, மேஜையில் நாலு போக நீ பார்க்காத சீட்டு 46. அந்த 46-உம் தலா ஒரு தடவை ரிவரில் வந்து விழுவதாக வைத்துக்கொள். 9 தடவை உனக்கு 200 வருகிறது, 1,800. 37 தடவை 100 போகிறது, 3,700. ஆக 1,900 நஷ்டம், ஒவ்வொரு தடவைக்கும் 41 சிப். நேற்று நீ பார்த்தது அந்த ஒன்பதில் ஒன்று. இதே இடத்தில் அவர் 30 மட்டும் வைத்திருந்தால் 1,170 வரவு, 1,110 செலவு. மயிரிழை லாபம்தான், ஆனாலும் நானே கால் பண்ணியிருப்பேன்.

"ஃப்ளஷ் விழுந்தபிறகு ரிவரில் இன்னும் கறந்துவிடலாமே" என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு! அதற்கும் கணக்கு உண்டு. 3,700-ஐ ஒன்பது தடவையில் மீட்க வேண்டுமானால் தடவைக்கு 411 வேண்டும். பாட்-இல் இருந்து 200 வருகிறது, மீதி 211-ஐ அவர்தான் தர வேண்டும். அவரிடம் மிச்சம் 150-தான் இருந்தது என்று நீயே சொன்னாய்.

இன்னொன்று. கடைசியில் அவர் காட்டியது ஜோடி ஜாக்கி, அதாவது மேஜையோடு சேர்த்து மூன்று ஜாக்கி. உனக்கு ஆட்டின் 6 வந்தது. ஆட்டின் 2 வந்திருந்தால் உனக்கு ஃப்ளஷ், அவருக்கு அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ் (மூன்று ஜாக்கி, இரண்டு 2). ஆட்டின் ஜாக்கி வந்திருந்தால் அவருக்கு நாலு ஜாக்கி, அதுவும் ஃப்ளஷைவிடப் பெரிது. நீ ஒன்பது என்று நம்பியதில் உருப்படியானது ஏழுதான். அவர் சீட்டு உனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட் அளவுக்கே பணம் வைக்கிறவர் கையில் என்ன இருக்கலாம் என்று ஒரு நொடி யோசித்திருந்தால், அவுட்ஸில் ஒன்றிரண்டைக் கழித்திருப்பாய். கையில் ஏஸ் இல்லாததால் பெரிய ஃப்ளஷ் வேறு யாரிடமாவது இருக்குமோ என்ற பயம் தனி.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஃப்ளாப்பில் அவுட்ஸை 4-ஆல் பெருக்கு, டர்னில் 2-ஆல் பெருக்கு, வருவது சதவீதம் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு நினைவில் நின்றது 4 மட்டும்தான். பல வருஷம் அதை வைத்தே தோற்று, பழியை அதிர்ஷ்டத்தின் மேல் போட்டேன். ஃப்ளாப்பிலேயேகூட அந்த 4 எப்போதும் செல்லாது. கையிலிருக்கும் மொத்தத்தையும் வைத்து ஆல்-இன் ஆகிவிட்டால் சரி, இரண்டு சீட்டும் உனக்குக் கிடைக்கும். இல்லையென்றால் டர்னில் அவர் மறுபடி காசு கேட்பார். நீ வாங்கியது ஒரு சீட்டுக்கான டிக்கெட்தான், 9-ஐ 2-ஆல் பெருக்கினால் 18, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

ஆமாம், ஃப்ளாப்பில் அவர் எவ்வளவு வைத்தார் என்று நீ சொல்லவே இல்லையே? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். அங்கேயே சீட்டைக் கவிழ்த்து ஃபோல்ட் பண்ணியிருக்க வேண்டுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அன்புடன்,
அப்பா